டைலூஷன் ஃப்ரிட்ஜுக்குள் பீசோ ரொட்டேட்டர்: ஆறு மாத அனுபவம்

லாந்தனம் அலுமினேட்டும் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டும் சேரும் இடைமுகத்தைக் காந்தப்புலத்தில் அளக்கத்தான் இந்த ரொட்டேட்டரை வாங்கினோம்: மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் டைலூஷன் ஃப்ரிட்ஜுக்குள், மின்னழுத்தம் கொடுத்தால் அசையும் பீசோ படிகத்தால் சாம்பிளைத் திருப்பும் கருவி இது. தனித்தனியே இரண்டுமே மின்சாரம் கடத்தாதவை. அவை சேருமிடம் கடத்துகிறது என்று 2004-இல் தெரிந்தது, அதுவே சுமார் 0.2 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, அதாவது மின்தடையே இல்லாமல் கடத்துகிறது என்று 2007-இல் தெரிந்தது. மீக்கடத்தும் அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 10 நானோமீட்டர்தான். மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையின் ஒவ்வொரு கெல்வினுக்கும் 1.84 டெஸ்லா என்ற வழக்கமான கணக்குப்படி, அடுக்குக்கு இணையான புலம் 0.37 டெஸ்லாவை எட்டும்போதே மீக்கடத்தலைத் தரும் எலக்ட்ரான் ஜோடிகள் பிரிந்திருக்க வேண்டும், ஆனால் 1 டெஸ்லாவைத் தாண்டியும் மீக்கடத்தல் நிற்கிறது. ஸ்பின்-ஆர்பிட் பிணைப்புதான் (எலக்ட்ரானின் ஸ்பின் அதன் இயக்கத்தோடு பிணைந்திருப்பது) காரணமா, ஜோடி சேரும் விதமே வேறா என்று கேட்பதற்கு முன்னால் புலம் உண்மையிலேயே இணையாக இருந்ததா என்று தெரிய வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தால்கூட 2 டெஸ்லாவில் 35 மில்லிடெஸ்லா செங்குத்தாக விழும், செங்குத்துப் புலத்தை இந்த அடுக்கு அவ்வளவாகத் தாங்காது.

ரொட்டேட்டர் நகர்வது அருமை, நூறில் ஒரு டிகிரிகூட நகர்த்த முடிகிறது. கோணம் காட்டும் எண்ணைத்தான் நம்ப முடியவில்லை. இடமிருந்து வந்தால் ஒன்று, வலமிருந்து வந்தால் அரை டிகிரி தள்ளி வேறொன்று! அதனால் இப்போது சாம்பிளையே கேட்கிறோம்: புலத்தை 1 டெஸ்லாவில் நிறுத்தி, மெதுவாகத் திருப்பி, மின்தடை சரிந்து மறுபடி ஏறும் அந்தக் குறுகிய பள்ளத்தின் நடுவைப் பிடிக்கிறோம். முதல் தடவை அந்தப் பள்ளம் திரையில் இறங்கியதைப் பார்த்தபோது அப்படி ஒரு சந்தோஷம்.

பெரிய குறை சூடுதான். நாலைந்து டிகிரி சேர்ந்தாற்போல் திருப்பினால் 50 மில்லிகெல்வினில் இருந்த சாம்பிள் 300-ஐத் தாண்டிவிடுகிறது, அதாவது மீக்கடத்தலே போய்விடுகிறது, மறுபடி குளிர முக்கால் மணி நேரம் ஆகும். இதில் தெர்மாமீட்டரை அசையாத அடித்தட்டில் வைத்திருக்கிறார்கள்! அது குளிர்ந்துவிட்டதாகக் காட்டும்போது சாம்பிள் இன்னும் சூடாகவே இருக்கும், இப்படி ஒரு வாரத்து அளவீடு வீணானது. சாம்பிளின் சூட்டை வெளியே கடத்தக் கூடவே வந்த செம்புப் பின்னலும் விறைப்பு, மெல்லியதாக மாற்றியதும் சரியானது.

பொட்டாசியம் டேன்டலேட் என்ற வேறொரு படிகத்தின் 111 முகத்தில் (குறிப்பிட்ட திசையில் வெட்டிய பரப்பு) உருவாகும் இடைமுகத்தில் வேலை செய்பவர்களுக்குச் சூடு இவ்வளவு படுத்தாது, அங்கே மீக்கடத்தலே 2 கெல்வினை ஒட்டி வருகிறது, ஆனால் புலம் அதிகம் தேவைப்படுவதால் சாய்வுப் பிழையும் கூடும். புலத்தையே எந்தத் திசையிலும் திருப்பக்கூடிய வெக்டர் மேக்னட் கையில் இருந்தால் இந்த ரொட்டேட்டர் தேவையே இல்லை. மற்றவர்கள் வாங்கலாம், தெர்மாமீட்டரைச் சுழலும் தட்டில் பொருத்தித் தரும்படி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.