ஜூல்ஸ் ரிமெட் கோப்பையின் நகல்: சிலை சரி, பீடம் பிழை

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் 1930 முதல் 1970 வரை வழங்கப்பட்ட ஜூல்ஸ் ரிமெட் கோப்பையின் ரெசின் நகல் ஒன்றை, இணைய விற்பனையாளர் ஒருவரிடமிருந்து 2,850 ரூபாய்க்கு வாங்கினேன். அசல் கோப்பை களவுபோய் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், அதன் உருவத்தை அறிய நமக்கு நிழற்படங்களும் நகல்களுமே மிஞ்சியுள்ளன. ஆகவே இதைச் சற்றுக் கண்டிப்புடனேயே பார்த்தேன்.

சிலைப்பகுதியில் குறை சொல்ல ஏதுமில்லை. பிரெஞ்சுச் சிற்பி ஆபெல் லாஃப்ளர் வடித்த வெற்றித் தெய்வமான நைக்கி, கிண்ணத்தைத் தலைக்குமேல் இரு கைகளாலும் ஏந்தி நிற்கும் தோற்றமும், சிறகுகளின் வரிகளும், ஆடையின் மடிப்புகளும் வார்ப்பில் மழுங்காமல் வந்திருக்கின்றன. உயரமும் அசலைப்போல் 35 சென்டிமீட்டர். பொன்முலாம் பூசிய வெள்ளியாலான அசல் 3.8 கிலோ எடை கொண்டது. இது ஒரு கிலோவைக்கூட எட்டவில்லை என்றாலும், இந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பீடத்தில்தான் மன்னிக்க முடியாத பிழை. அசலின் பீடம் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லால் ஆனது. இதற்கோ பச்சை வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பச்சை, 1974 முதல் வழங்கப்படும் இன்றைய கோப்பைக்கு உரியது. இத்தாலியச் சிற்பி சில்வியோ கசானிகா வடிவமைத்த அக்கோப்பையின் அடியில்தான் மாலகைட் என்னும் பச்சைக்கல் இரண்டு வளையங்களாக அமைந்துள்ளது. வெற்றியாளர்களின் பெயர்களுக்கு இடம் வேண்டி 1954-இல் உயரமான பீடம் பொருத்தியபோது கழற்றப்பட்ட முதல் பீடம், ஃபிபாவின் நிலவறையில் நெடுங்காலம் கிடந்து, பின்னர் கண்டெடுக்கப்பட்டுச் சூரிக் அருங்காட்சியகத்தை அடைந்தது. அசலில் இன்று எஞ்சியிருப்பது அந்த நீலக்கல் ஒன்றே என்னும்போது, அதன் நிறத்தையே மாற்றிவிட்ட நகலை எப்படி ஏற்பது?

நகல்தானே என்று சொல்வோருக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். 1966 மார்ச்சில் லண்டன் கண்காட்சியொன்றில் திருடப்பட்ட கோப்பையை, ஒரு வாரத்தில் பிக்கிள்ஸ் என்ற நாய் வேலியோரம் மோப்பம் பிடித்து மீட்டுக் கொடுத்தது. அதன்பின் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பாதுகாப்புக்காகச் செய்துவைத்த நகல், அதுவே அசலாக இருக்கக்கூடும் என்ற பேச்சினால் 1997-இல் 2,54,500 பவுண்டுக்கு ஏலம் போனது, வாங்கியது ஃபிபாவேதான். ஆய்வில் அது நகல் என்று உறுதியானது. மூன்று முறை வென்று கோப்பையை நிரந்தரமாகப் பெற்ற பிரேசிலில், ரியோ டி ஜெனிரோ அலுவலகத்தில் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் அசலை வைத்திருந்தார்கள். பேழையின் பின்புறம் வெறும் மரம். 1983 டிசம்பரில் திருடர்கள் அதைப் பெயர்த்துக் கோப்பையைக் கொண்டுசென்றுவிட்டனர். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

பொதியல் உறுதியாக இருந்தது; சொன்ன நாளில் வந்தது. நிறப்பிழையை எழுதிக் கேட்டதற்கு, விற்பனையாளர் மாற்றித்தர மறுத்துவிட்டார். சிலைக்காக மூன்று நட்சத்திரம் தருகிறேன். வாங்க விரும்புவோர் பணம் செலுத்துமுன் பீடத்தின் தெளிவான படத்தைக் கேட்டுப் பெறுங்கள். அது நீலமாக இல்லையென்றால் வாங்க வேண்டாம்.