பிளக் இருக்கிறது, ஆள் எங்கே?

கன்டெய்னர் கப்பலில் நான் மின் அதிகாரி. கப்பலில் இ.டி.ஓ. என்பார்கள், ஜெனரேட்டர் நின்றுபோன நாட்களில் சீஃப் இன்ஜினியர் வேறு பெயர்களும் சொல்வார். பெர்த்தில், அதாவது துறைமுக மேடையோரம், கட்டிக்கிடக்கும்போது கப்பலின் ஜெனரேட்டர்களை நிறுத்திவிட்டுத் துறைமுகத்திலிருந்து மின்சாரம் வாங்கும் ‘ஷோர் பவர்’ சேவையை இரண்டு துறைமுகங்களில் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டும் அரசு மானியத்தில் அமைந்தவை.

முதல் துறைமுகத்தில் கயிறு கட்டிய அரைமணியில் கரை எலெக்ட்ரீஷியன்கள் இருவர் வந்துவிட்டார்கள். எங்கள் கப்பலின் பின்பக்கம் ஒரு கன்டெய்னருக்குள்ளேயே கேபிள் ரீல் இருக்கிறது. கனத்த கேபிள் இரண்டை இறக்கினோம். அவர்கள் தரையிலிருந்த குழியின் மூடியைத் திறந்து சாக்கெட்டில் பூட்டினார்கள். 6,600 வோல்ட். எர்த் சுவிட்ச், பைலட் வயர், எமர்ஜென்சி ஸ்டாப் என எல்லாவற்றையும் இரு பக்கமும் சரிபார்த்து வாயால் சொன்ன பிறகுதான் பிரேக்கரைப் போடவிட்டார்கள். அந்த வோல்டேஜில் அவசரப்படுகிற ஆளோடு வேலை செய்ய எனக்குப் பயம். இவர்கள் அவசரப்படவில்லை. கரை மின்சாரத்தையும் கப்பல் மின்சாரத்தையும் ஒத்துப்போகச் செய்து (சின்க்ரனைஸ்) லோடை மெல்ல மாற்றியபோது, குளிரூட்டிய சரக்கு இருக்கும் ரீஃபர் பெட்டி ஒன்றுகூட அலாரம் அடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் கடைசி ஜெனரேட்டரும் நின்றது.

பிறகு இன்ஜின் ரூமில் காதடைப்பானைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றேன். எங்கோ ஒரு வால்வில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. எத்தனை மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்ததோ! இன்ஜின் ரூம் உதவியாளரான ஆயிலரும் நானும் கத்தாமல் பேசிக்கொண்டோம். ஆனால் ஒன்று: புகை அடியோடு நின்றுவிடவில்லை. எரிபொருளைச் சூடாக வைத்திருக்கும் பாய்லர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ‘புகையில்லாப் பெர்த்’ என்று பலகை வைக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது துறைமுகத்தில் எல்லாமே புதிது. எங்கள் கப்பல் 60 ஹெர்ட்ஸ், அந்த ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த அலைவெண்ணை மாற்றித் தரவே பெரிய ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர் வைத்து ஒரு கட்டடமே எழுப்பியிருந்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் செலவில் கணிசமான பங்கை விழுங்குவது இந்தக் கன்வெர்ட்டர்தான். வாசலில் அரசு நிதி பற்றிய பளபளப்பான பலகை. சாக்கெட் குழியிலோ மழைத்தண்ணீர்.

கிரேன் வசதிக்காகக் கப்பலை 30 மீட்டர் முன்னால் தள்ளிக் கட்டச் சொன்னார்கள். கேபிள் குழிக்கு எட்டவில்லை. நகர்த்தித் தரச் சொன்னேன். சரக்கு முடியட்டும் என்றார்கள். ஒருவழியாக இரவு 2 மணிக்கு நகர்த்தினோம். அப்போது இணைப்புக் கொடுக்க அனுமதி பெற்ற ஆளின் ஷிஃப்ட் முடிந்துவிட்டது. காலை 6.30-க்கு அடுத்தவர் வந்தார். நல்ல மனிதர்; தண்ணீரை இறைத்தது, மன்னிப்புக் கேட்டது எல்லாம் அவரே. 11 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது, அதற்கு முன் கழற்றவும் நேரம் வேண்டும். கணக்குப் பார்த்தால் கரை மின்சாரம் ஓடியது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். மற்ற நேரமெல்லாம் அந்தப் புத்தம்புதுக் கட்டடத்துக்கு எதிரிலேயே டீசல் எரித்துக்கொண்டு நின்றோம்.

இது தொழில்நுட்பக் கோளாறு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் 2004-லிருந்தே கன்டெய்னர் கப்பல்கள் கரை மின்சாரம் எடுக்கின்றன. கலிஃபோர்னியா 2006-ல் வாக்காளர் ஒப்புதலோடு திரட்டிய கடன்பத்திரப் பணத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்தது. மறு வருடமே விதியும் போட்டது: 2014 முதல் கப்பல் நிறுவனங்களின் வருகைகளில் பாதியாவது இணைய வேண்டும், 2020-ல் 80 சதவீதம். பல கம்பெனிகள் அதற்குப் பிறகுதான் கப்பலில் ரீல் மாட்டின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2030 முதல் முக்கியத் துறைமுகங்களில் கன்டெய்னர் கப்பலும் பயணிகள் கப்பலும் இணைந்தே ஆக வேண்டும். 2 மணி நேரத்துக்குக் குறைவாக நிற்பவை போன்ற சில விலக்குகள் உண்டு. அமெரிக்கா 2022-ல் தூய துறைமுகங்களுக்கு 300 கோடி டாலர் ஒதுக்கியது.

கட்டாயம் இல்லாத இடத்தில் எங்கள் ஆபீஸ் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்: “கரை ரேட் அதிகம், ஜெனரேட்டரே ஓடட்டும்.” கப்பல் எரிபொருளுக்குப் பொதுவாக வரி கிடையாது, கரை மின்சாரத்துக்கு உண்டு. ஸ்வீடனும் ஜெர்மனியும் 2011-லேயே அந்த வரியைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியத்திடம் அனுமதி வாங்கின. என்னைக் கேட்டால், அதற்காக விட்டுக்கொடுக்கும் வரிப்பணம் இன்னொரு கட்டடத்தைவிட அதிகப் பலன் தரும். மானியம் கொடுப்பவர்கள் எத்தனை சாக்கெட் என்று கேட்பதை விட்டுவிட்டு மீட்டரைப் பார்க்கட்டும்: போன மாதம் கப்பல்களுக்குள் எத்தனை யூனிட் போனது? இரவு ஷிஃப்டுக்கு ஒரு ஆளின் சம்பளத்தையும் திட்டத்தில் எழுதட்டும்.

முதல் துறைமுகத்துக்கு ஐந்தில் நாலரை. அரை குறைத்தது, பாய்லர் பற்றி மூச்சே விடாத பலகைக்காக. இரண்டாவதுக்கு இரண்டு, அதில் ஒன்று தண்ணீர் இறைத்த அந்த மனிதருக்கு. அடுத்த மாதம் அதே பெர்த்துக்குப் போகிறோம். குழிக்கு நேரே இருக்கும் பொல்லார்டின், அதாவது கயிறு கட்டும் தூணின், எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்; இந்த முறை மூன்று நாள் முன்பே ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிடுவேன்.