ஆச்சிக்கு எண்பது எப்போது முடிந்தது?

2024 ஐப்பசியில் பரணைச் சுத்தம் செய்தபோது தகரப்பெட்டியிலிருந்து ஆச்சியின் ஜாதகக் குறிப்பு கிடைத்தது. "கொல்லம் 1120, தாரண வருஷம், கார்த்திகை 16, மிருகசீரிஷம்." அடையாள அட்டையிலோ 1-7-1943 என்று இருக்கிறது. எண்பது முடிவதற்கு நெல்லையப்பர் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் சாப்பாடு என்று நாள் குறிக்க உட்கார்ந்தோம். பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் நாலு பேர், நாலு விடை. கூட்டல் கழித்தலில் ஒருவருக்கும் பிசகவில்லை, அதுதான் வேடிக்கை.

"எனக்கு எப்பம் எண்பது ஆனா என்னல, சொதி வச்சாப் போதும்" என்றாள் ஆச்சி.

முதல் வேலை, கொல்லம் ஆண்டை உடைப்பது. மலையாளக் கரைக்கு அடுத்து இந்த ஆண்டுக்கணக்கு புழங்கியது நம் திருநெல்வேலிச் சீமையில்தான். பழைய பத்திரம், ஜாதகம் எதை எடுத்தாலும் கண்ணில் படும். கி.பி. 825-இல் தொடங்கிய கணக்கு. நம் பக்கம் கொல்லம் வருஷம் பிறப்பது சித்திரையில் அல்ல, ஆவணியில். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. இதில் சறுக்கினால் ஒரு முழு வருஷம் கூடும், அல்லது குறையும். ஆச்சிக்குக் கார்த்திகை, எனவே 1944. தாரண வருஷமும் அதற்கு ஒத்து வருகிறது. கார்த்திகை 16 என்பது டிசம்பர் 1.

இனி கணக்குகளுக்கு வருவோம்.

தாள், பேனா, கடன் வாங்கல்

மாமாவின் முறை இது. நாள், மாதம், வருஷம் மூன்றையும் மேலும் கீழும் எழுதிக் கழிப்பார். போதாவிட்டால் பக்கத்துப் பத்தியில் கடன். சிக்கல் அந்தக் கடனில். ஒரு மாதத்தைக் கடன் வாங்கினால் எத்தனை நாள் கைக்கு வரும்? மாமா பிறந்தது 17-11-1964. 5-3-2024 அன்று அவர் வயது என்ன? மாதத்துக்கு 30 நாள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபடி போட்டால் 59 வருஷம், 3 மாதம், 18 நாள். உண்மையில் அந்தப் பிப்ரவரிக்கு 29 நாள்தான். அதைக் கடனாக வாங்கினால் 17 நாள். பிப்ரவரி 17-க்கு மூன்று மாதம் முடிந்தது, அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாலும் 17 தான் வருகிறது. அதனால் என் ஓட்டு இரண்டாவதற்கு. முப்பது என்பது வட்டிக்கணக்குக்குச் சரி, வயசுக்கு ஆகாது.

ஆனால் மாதக் கடைசியில் பிறந்தவர்களிடம் இந்த நல்ல முறையும் தடுமாறும். 31-1-2023-இல் பிறந்த குழந்தைக்கு 1-3-2023 அன்று என்ன வயது? மொத்தம் 29 நாள், அதில் சண்டை இல்லை. பிப்ரவரி 28-ஐ மாதம் முடிந்த நாளாகக் கொண்டால் 1 மாதம் 1 நாள். முப்பது கடன் வாங்கினால் 1 மாதம் 0 நாள். பிப்ரவரியின் 28-ஐக் கடன் வாங்கினால் 1 மாதம், கழித்தல் 2 நாள்! நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்குக்கூட அப்படி வயசு சொல்ல முடியாது.

எக்செல்

அந்தக் கழித்தல் இரண்டு நான் இட்டுக்கட்டியது இல்லை. எக்செலில் இரண்டு தேதிக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சொல்ல டேட்டிஃப் என்ற சூத்திரம் உண்டு. வருஷமும் மாதமும் கேட்டால் ஒழுங்காகச் சொல்லும். மிச்ச நாளைக் கேட்கும் 'எம்டி' என்ற குறியைப் போட்டால் இப்படித்தான் சில சமயம் உளறும்; மைக்ரோசாஃப்டே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறது. வருஷ மாதத்துக்கு டேட்டிஃப், மிச்ச நாளைக் கடைசியாக மாதம் நிறைந்த தேதியிலிருந்து நேராக எண்ணிக்கொள்வது — என் வழக்கம் இதுதான்.

இதைவிட மோசம், மொத்த நாளை 365.25-ஆல் வகுக்கும் குறுக்குவழி. சுருக்கமாக இருக்கிறது என்று பலரும் இதைத்தான் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். 1-7-2005-இல் பிறந்த பையனுக்கு 1-7-2023 அன்று 18 முடிகிறது. நாள் கணக்கு 6574. வகுத்தால் 17.9986. பின்னத்தை வெட்டினால் 17! ஜூலை 1 அன்று என்ன வயது என்று பார்க்கிற டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு இதை நம்பி உட்காரக் கூடாது.

சட்டம்

திண்ணையில் இருந்தவர்களில் சித்தப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். "கம்ப்யூட்டர் சொல்லுததைக் கோர்ட்டு கேக்காது" என்றார். அது சரிதான். 1875-ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டம், பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகச் சேர்த்துக்கொள்கிறது; பதினெட்டாவது ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே மேஜர். 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ராஜஸ்தான் வேலைவாய்ப்பு வழக்கு இன்னும் சுவையானது. 2-1-1956-இல் பிறந்தவர், 1-1-1984 அன்று 28 வயது எட்டியிருக்கக் கூடாது என்பது விதி. எக்செல் கணக்கில் அன்று அவருக்கு 27 வருஷம், 11 மாதம், 30 நாள். நீதிமன்றம், பிறந்த நாளையும் சேர்த்தால் ஜனவரி 1 முடியும்போதே 28 பூர்த்தி என்று சொல்லிவிட்டது. மனு போச்சு. மத்திய அரசு ஊழியரில் மாதம் முதல் தேதி பிறந்தவர் முந்தின மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறுவதற்கும் இதே வழிதான்.

ஒரு நாள் வித்தியாசம் என்று தோன்றும். அது கணக்குப் பிசகு இல்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணியை எந்த நாளில் சேர்ப்பது என்ற கேள்வி.

நம் ஊர்க்காரர் ஒருவரிடமே இதைப் பார்க்கலாம். பாரதி பிறந்தபோது எட்டயபுரம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. பிறப்பு 11-12-1882. மறைந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி. ஆங்கிலக் கணக்கில் அது 12. விடிந்தால்தான் மறுநாள் என்கிற நம் வழக்கத்தில் இன்னும் 11. அரசு கொண்டாடுவது 11-ஐத்தான். ஆக அவர் வயது 38 வருஷம் 9 மாதம், அல்லது அதோடு ஒரு நாள். நாளாகச் சொன்னால் 14,153 அல்லது 14,154. "39 வயதில் மறைந்தார்" என்பவர்களும் பொய் சொல்லவில்லை, 39 நடந்துகொண்டிருந்தது. நடப்பு வயசா, முடிந்த வயசா என்று கேட்காமல் வயதை எழுதுகிறவர்களால்தான் பாதிக் குழப்பம். இதை எக்செலில் சோதிக்க நினைத்தால் முடியாது, 1900-க்கு முந்தின தேதியை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. போதாததற்கு, இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐ, தனக்கு முந்தின லோட்டஸ் என்ற கணக்கு மென்பொருளின் காலத்திலிருந்து தூக்கிச் சுமக்கிறது. எக்செல் போலவே கணக்குப் போடும் இலவச மென்பொருள் லிப்ரே ஆபிஸ் இந்த விஷயத்தில் தேவலை. (1896 பிப்ரவரி 29-இல் பிறந்த மொரார்ஜி தேசாய்க்கு அடுத்த பிப்ரவரி 29 வர எட்டு வருஷம் ஆனதும் அந்த 1900-ஆல்தான்.)

நட்சத்திரம்

பெரியம்மா கையில் பஞ்சாங்கம். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்ற ஏறத்தாழ 27.3 நாள். தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை. ஆகவே ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வர இடமுண்டு. 2024 கார்த்திகையில் மிருகசீரிஷம் அப்படித்தான் வந்தது, நவம்பர் 18-இலும் டிசம்பர் 15-இலும். இரண்டு வந்தால் பின்னதை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். டிசம்பர் 15 என்றால் கார்த்திகை 30, மறுநாள் மார்கழி. நூலிழையில் பிடித்தோம். ஆங்கிலத் தேதிப்படி அன்று ஆச்சிக்கு 80 வருஷம், 14 நாள்.

இது துல்லியமா என்று கேட்டால், இல்லை. ஆனால் கோயில் அர்ச்சகர் கேட்பது நட்சத்திரமும் ராசியும். டிசம்பர் 1 என்று சொன்னால் அவருக்கு அது தேவையே இல்லை.

ஆயிரம் பிறைக் கணக்கும் பேச்சில் வந்தது. எண்பது வருஷம் எட்டு மாதம் என்று சொல்வார்கள். அமாவாசைக்கு அமாவாசை 29.53 நாள் என்று வைத்தால் ஆயிரத்துக்கு 29,530 நாள், அதாவது 80 வருஷம் 10 மாதம் சொச்சம். ஆச்சிக்கு அது 2025 அக்டோபர் முதல் வாரம்.

அட்டை வயசை மறந்துவிட்டோமே. தாத்தா தபால் துறையில் இருந்தவர். குடும்ப ஓய்வூதியத்தில் எண்பதுக்கு உரிய கூடுதல் 20 சதவீதம் அட்டைத் தேதிப்படி 2023 ஜூலையிலேயே வரத் தொடங்கிவிட்டது. ஆச்சியிடம் கேட்டேன், எந்த எண்பது உண்மை என்று.

"பென்சனுக்கு அது, சாமிக்கு இது. சொதிக்குத் தேங்கா உடைச்சாச்சால?"