மீன் கட்லட்டா, மீன் வடகமா? பிள்ளைகளுக்கு எதைச் செய்து வைக்கலாம்

எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு மூன்று வயது. சோற்றோடு மீனும் இறங்காது, கரட்டும் முருங்கையிலையும் இறங்காது. எல்லாவற்றையும் சேர்த்துத் தின்பண்டமாகக் கொடுக்க இரண்டு வழி இருந்தது: பிரீசரில் வைக்கும் கட்லட், அவித்து உலர்த்தும் வடகம். நாங்கள் வடகத்துக்கு மாறிவிட்டோம்.

சுவையில் கட்லட்தான் மேல், செய்வதும் சுலபம். அதில் சண்டையில்லை.

தீர்மானிப்பது குளிர். கட்லட்டில் ஈரம் அதிகம் என்பதால் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். மைனஸ் 18 பாகையில் மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் அந்தக் குளிர் இடையில் விடக்கூடாது. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். நிரம்பிய டீப் பிரீசரைத் திறக்காமல் விட்டால் இரண்டு நாள் சமாளிக்கும். பிரிட்ஜின் மேல்தட்டிலுள்ள சின்னப் பிரீசருக்கு அந்தப் பலமில்லை. மீன் சூட்டில் கிடந்தால், அதுவும் சூடை, கீரி போன்றவற்றில், ஒவ்வாமை போன்ற நஞ்சேற்றத்தைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். பொரித்தாலும் அது போகாது. சின்னப் பிள்ளையின் வயிற்றில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

வடகத்துக்கு மின்சாரமே தேவையில்லை. மீனையும் மரக்கறியையும் மரவள்ளி மாவோடு பிசைந்து, உருட்டி, நீத்துப்பெட்டியில் அவித்து, ஆறியதும் மெல்லிய வில்லைகளாக வெட்டி உலர்த்துகிறோம். வளைத்தால் பட்டென்று முறிய வேண்டும். ஈரம் 10 சதவீதமளவுக்கு இறங்கிவிட்டால் பற்றீரியாவோ பூஞ்சணமோ வளர வழியில்லை. பொரிக்காத வடகம் மாதக்கணக்கில் இருப்பது இதனால்தான். பொரித்தால் சில நாளில் காறல் அடிக்கும், அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொரிப்போம்.

பொரிக்காததையும் காற்றும் வெளிச்சமும் மெல்ல மெல்லக் கெடுக்கும். மீன் கொழுப்பு காறும், கரட்டுக்கு நிறமும் சத்தும் தரும் பீற்றா கரோட்டினும் குறையும். ஆகவே கொழுப்புக் குறைந்த திலாப்பியாவை எடுக்கிறோம் (முள்ளைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்). கரட்டைக் கொதிநீரில் சற்று வாட்டிச் சேர்த்தால் நிறம் நிற்கும். உலரும்போது மேலே மெல்லிய துணி, பிறகு இருட்டான அலுமாரியில் சின்னச் சின்னப் போத்தல்கள். பெரிய போத்தலைத் திறந்து திறந்து மூடினால் மாரியின் ஈரக்காற்று உள்ளே போய்விடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உலர்த்தியதெல்லாம் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில்தான். கார்த்திகை, மார்கழி மழையில் செய்து பார்த்ததில்லை, அப்போது அடுப்புச் சூடோ உலர்த்தும் இயந்திரமோ இல்லாமல் சரிவருமென்று நம்பவும் மாட்டேன்.

வடகத்தில் மாப்பொருளும் கூட, மொறுமொறுப்பும் கூட. நன்றாக மென்று தின்னாத பிள்ளையின் தொண்டையில் சிக்கும். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் சூடை மீனில் மெதுவான கட்லட்டை அன்றே செய்து அன்றே கொடுத்துவிடுங்கள், ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு உப்புச் சேர்க்காமல்.