ஞாயிறு உளவியல் வகுப்பு: 7,500 ரூபாவும் ஒரு ரசீதும்

மட்டக்களப்பு டவுனில் ஒரு மேல்மாடியில் நடக்கிற ஆறு வார உளவியல் சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டேன். இடத்தின் பெயரைப் போடவில்லை, சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. ஞாயிறு காலை 9 முதல் 12 வரை, தமிழில், கட்டணம் 7,500 ரூபா. களுவாஞ்சிக்குடியில் இருந்து பஸ் பிடித்துப் போகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போய்விடும்.

முதல் இரண்டு வாரமும் சுமார்தான். வரைவிலக்கணம், போர்டில் எழுதுவதைக் கொப்பியில் எழுது, ஏ.எல். டியூசன் ஞாபகம் வந்தது. ஃபேன் ஒன்றுதான், அதுவும் படிப்பிக்கிற சேர் பக்கம் திரும்பி நிற்கும்.

மூன்றாவது, நாலாவது வாரத்துக்காகவே கொடுத்த காசு செரித்தது. மேலே இருக்கிறவர் சொன்னால் மனிதர் ஏன் கேட்கிறார்கள் என்ற பகுதி. சேர் நோட்ஸை மூடி வைத்துவிட்டுக் கதையாகவே சொன்னார். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த பரிசோதனை. பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த சாதாரண ஆண்கள், கையில் நாலரை டொலர். அடுத்த அறையில் இருப்பவர் பிழையாகப் பதில் சொன்னால் சுவிட்சை அழுத்தி அவருக்கு ஷொக் கொடுக்க வேண்டும் என்று பரிசோதனையை நடத்துபவர் சொல்வார், 15 வோல்ட்டில் தொடங்கி 15, 15 ஆகக் கூட்டி 450 வரைக்கும். உண்மையில் மின்சாரமே போகாது, ஆனால் அழுத்துகிறவருக்கு அது தெரியாது. கடைசி சுவிட்ச் வரை எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று சேர் கேட்க, நாங்கள் ஒன்று, இரண்டு என்றோம். 40 பேரில் 26 பேர். பின்வரிசையில் போன் நோண்டிக்கொண்டிருந்த தம்பிகூட நிமிர்ந்து பார்த்தான்.

விளக்கங்களையும் நன்றாகவே பிரித்துச் சொன்னார். ‘நான் செய்யவில்லை, அவர் சொல்லித்தான் செய்கிறேன்’ என்று பொறுப்பை மேலே தள்ளிவிடுகிற மனநிலை ஒன்று. இடத்தின் மதிப்பு இன்னொன்று: அதே பரிசோதனையை யேல் பெயர் இல்லாமல் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் செய்தபோது கடைசிவரை போனவர்கள் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அப்புறம் அந்த 15, 15. 30 வோல்ட் கொடுத்தவன் 45க்கு எதைச் சொல்லி மறுப்பான்?

அடுத்தது 1966இல் வெளிவந்த தாதியர் ஆய்வு. முன்பின் தெரியாத ஒரு டொக்டர் போனில் 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்கிறார், பெட்டியில் உச்ச அளவு 10 என்று அச்சடித்திருக்கிறது, 22 பேரில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள். வகுப்பில் ஓய்வுபெற்ற நர்ஸ் அன்ரி ஒருவர் இருந்தார். “தெரியாத மருந்து, தெரியாத டொக்டர், கேக்க ஆளில்ல, வேற என்ன செய்வாள்?” என்று எழும்பிக் கேட்டார். சேர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வீட்டில் தேடிப் பார்த்தால் அன்ரி கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1977இல் தாதியருக்குப் பழக்கமான மருந்தை வைத்து, மற்றவர்களோடு கதைக்கவும் இடம் கொடுத்துச் செய்தபோது 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கப் போனார்கள்.

என் பெரிய குறையும் இதுதான். கீழ்ப்படிகிறவர்களைப் பற்றி நாலு மணித்தியாலம், மறுத்தவர்களைப் பற்றி ஐந்து நிமிடமும் இல்லை. மில்கிராமின் இன்னொரு சுற்றில், பக்கத்தில் இருந்த இரண்டு பேர் முடியாது என்று எழும்பிய போது 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள், அதைச் சேர் சொல்லவே இல்லை. அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து 2009இல் வெளியிட்டதில், ‘உங்களுக்கு வேறு வழியில்லை’ என்று நடத்துபவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு ஒருவர்கூடத் தொடரவில்லை என்பதையும் நானாகத்தான் வாசித்தேன். அதட்டினால் கேட்பார்கள் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாவது வாரம் ஒஃபிஸில் இருந்து ஒருவர் வந்து, சான்றிதழுக்கு இன்னும் 1,500 ரூபா, இன்றைக்கே கட்ட வேண்டும் என்றார். சேரும்போது அப்படி ஒரு கதையே இல்லை. போன வாரம்தான் இதைப் படித்தோம், இருந்தும் முன்வரிசை முழுக்க பர்ஸைத் திறந்தது, நானும்தான் (சேரே பேசாமல் நிற்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்). அப்போது அன்ரி, “ரசீது தருவீங்களா மனே?” என்று கேட்டார். ரசீது பிறகு தரலாம் என்றார் அவர். “அப்ப காசும் பிறகு.” திறந்த பர்ஸ் எல்லாம் மூடியது. அடுத்த வாரம் காசைப் பற்றி மூச்சே இல்லை, சான்றிதழும் வந்தது, என் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு.

ஐந்துக்கு மூன்று. உளவியலுக்குப் புதிதென்றால் தாராளமாகப் போகலாம், சேர் கெட்டிக்காரர். மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள், தண்ணீர் போத்தல் கொண்டு போங்கள், அன்ரி மாதிரி ஒருவர் வகுப்பில் இருந்தால் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.