வலிய கருவிசைச் சமச்சீர்கள்: ஹட்டன் டியூட் எப்படி?

ஹட்டன் ஃபோட்டோகொப்பிக் கடைகளில் கைமாறும் இந்த டியூட் (வகுப்புக் குறிப்புத் தாள்), அணுக்கருவைப் பிணைக்கும் வலிய கருவிசையின் சமச்சீர்களைப் பற்றியது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகவிருக்கும் பௌதிகவியல் பிள்ளைகளுக்கானது. விலை, பக்கத்துக்கான கொப்பிக் காசுதான். தாயக் (மெட்ரிக்ஸ்) கணிதம் தெரிந்தால் படித்துவிடலாம்.

காசுக்குப் பெறுமதி பாரக் குவார்க்குச் சமச்சீர் பகுதி. புரோத்தன் போன்ற துகள்களின் உட்கூறான குவார்க்கின் திணிவு கூடக் கூட அதன் சுழற்சியின் (ஸ்பின்) பாதிப்பு குறையும். சாம் குவார்க் கொண்ட, சுழற்சி அமைவில் மட்டும் வேறுபடும் டி-ஸ்டார், டி துகள்களின் திணிவு இடைவெளி சுமார் 141 மெகா இலத்திரன்வோல்ற்று. பொட்டம் குவார்க் கொண்ட பி-ஸ்டார், பி சோடிக்கு 45தான். பொட்டம் குவார்க், சாம் குவார்க்கைவிட மூன்று மடங்குக்கு மேல் பாரமானது. இடைவெளியும் அதே அளவில் சுருங்குகிறது. டியூட் இத்தோடு விடாமல் திணிவுகளின் வர்க்க வித்தியாசத்தையும் எடுக்கச் சொல்கிறது: கிகா இலத்திரன்வோல்ற்று வர்க்க அலகில் டி சோடிக்கு 0.54, பி சோடிக்கு 0.48, கிட்டத்தட்டச் சமம். அருமையான பயிற்சி. ஆனால் மூன்று தசமதானம் வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. பி-ஸ்டார், பி திணிவுகளான 5.325, 5.280 என்பவற்றை 5.32, 5.28 என வெட்டினால் விடை 0.42க்கு இறங்கிவிடும்.

பௌதிகவியலாளர் விக்னர் 1937இல் முன்வைத்த எஸ்யு(4) பகுதிதான் சறுக்குகிறது. புரோத்தன், நியூத்திரன், ஒவ்வொன்றுக்கும் இரு சுழற்சி நிலை: நான்கையும் ஒன்றாகப் பார்க்கும் இச்சமச்சீர் அடிப்படைச் சமன்பாட்டில் இல்லை, தாழ்சக்தியில்தான் தலைகாட்டுகிறது, அதாவது ‘தோன்றும் சமச்சீர்’. டியூட் இரண்டு சிதறல் நீளங்களை (தாழ்சக்தி மோதலின் வலிமையைக் காட்டும் அளவு; சுழற்சிகள் எதிரெதிராகவும் ஒரே திசையிலும் உள்ள இரு நிலைகளுக்கு), −23.7, +5.4 ஃபெம்டோமீற்றர், பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு நகர்கிறது. பார்க்கிற பிள்ளை ‘இதில் எங்கே சமச்சீர்?’ என்றுதான் கேட்கும். நேர்மாற்றை எடுக்கவேண்டும்: −0.04, 0.18. கருவிசையைக் கடத்தும் பயோன் துகளின் திணிவு தரும் 0.7க்கு முன் இரண்டும் சிறியவை, அதனால் ஏறத்தாழ ஒன்றுதான். துகள்களிடையே குவாண்டம் பின்னல் (entanglement) குறைவதோடு இச்சமச்சீரைத் தொடுத்து பீன், கப்லன், கிளோ, சவேஜ் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வுக்கு ஒரு வரிகூட இல்லை.

இடக்கை, வலக்கைக் குவார்க்குகளைத் தனித்தனியே மாற்றும் கைரல் சமச்சீரையும் ‘தோன்றும் சமச்சீர்’ பட்டியலில் சேர்த்தது பிழை. அப், டவுன் குவார்க்குகள் மிக இலேசானவை என்பதால் அது சமன்பாட்டிலேயே அண்ணளவாக உண்டு. வெற்றிடம்தான் அதை மறைக்கிறது. அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டுப் படியுங்கள்.

கொப்பியின் கொப்பியை வாங்காதீர்கள். ஸ்டார் குறி அழிந்து டியும் டி-ஸ்டாரும் ஒன்றாகிவிடுகின்றன, அட்டவணையே பாழ். கடையில் மூலப் பிரதியைக் கேட்டு, கொஞ்சம் கறுப்பாக அடிக்கச் சொல்லுங்கள்.