சிலம்பமா, பாக்ஸிங்கா: தற்காப்புக்கு எது?

செலவு: சிலம்பத்துக்கு நெற்றி உயரக் கம்பு ஒன்று போதும். பாக்ஸிங்குக்கு கிளவுஸ், ஹேண்ட் ராப் (கையில் சுற்றும் துணிப்பட்டை), மவுத் கார்டு (பல் காப்பு) என்று நீளும்.

இடம்: கம்பு கையிலிருந்தால் சிலம்பக்காரரை நெருங்குவது கஷ்டம். கூட்டமான பஸ்ஸில் கம்பு ஏது? அங்கே பாக்ஸிங்தான்.

அடி வாங்கிய பழக்கம்: இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பாக்ஸிங்கின் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எதிராளி நிஜமாகவே குத்துவார். மூக்கில் ஒன்று விழுந்தாலும் கண்ணை மூடாமல் நிற்கப் பழகுவீர்கள். 2017-இல் சீனாவின் செங்டூவில் எம்எம்ஏ (பல சண்டைக் கலைகள் கலந்த போட்டி) வீரர் சூ சியாவ்தோங், தைச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் ஆசிரியர் வேய் லேயைச் சில நொடிகளிலேயே வீழ்த்தினார். எதிராளியோடு மோதிப் பழக்காமல் கம்பு சுற்ற மட்டும் சொல்லித்தரும் வகுப்புக்கும் இதே கதிதான். எதிரே ஆள் நிறுத்தி ஆட வைக்கும் ஆசானைத் தேடுங்கள்.

சில மாதங்களில் பலன் வேண்டுமா, பாக்ஸிங். வருஷக்கணக்கில் கற்கப் பொறுமை இருந்தால் சிலம்பம். அதன் காலடி வரிசை வெறுங்கையிலும் உதவும்.